நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியவன்

கிட்டே வாருங்கள் பிள்ளைகளே. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பனி உள்ளே வருகிறது. சின்னதுகள் அடுப்புப் பக்கம் உட்காரட்டும். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் குளிர் ஒன்றும் பிடித்துத் தின்றுவிடாது. இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். ராஜா ராணி கதை இல்லை. மலைக்குச் சுமை தூக்கிய ஒருவனின் கதை; அவன் செத்த பிறகு அவன் வீட்டில் பேசிய பேச்சின் கதை. சிரிக்கிற இடமும் முன்பாதியில் இருக்கிறது. வந்தால் சிரித்துவிடுங்கள், பின்னால் கிடைக்காது.

மஸ்கெலியாவுக்கு மேலே, நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்துக் கடைசிக் காம்பராவில் ஜெயந்தினி என்று ஒருத்தி இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். மெதுவாகப் பேசுவாள். பேசுவதற்கு முன்னால் யாராவது வேறொருவர் பேசிவிட மாட்டார்களா என்று பார்ப்பாள். அவள் புருஷன் சுதாகரன் தோட்டத்தில் பேர் பதிந்தவன் இல்லை. மழை மாதங்களில் மேசன்மாருக்குக் கையுதவியாகப் போவான். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் நல்லதண்ணியில் சுமை தூக்குவான். மலைமேல் இருக்கிற கடைகளுக்கு அரிசி, மா, சோடாப் பெட்டி, கேஸ் சிலிண்டர், எல்லாம் மனிதத் தோளில்தான் ஏறவேண்டும். கும்பிடப் போகிறவர்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்கிப் படியில் குந்துகிற இடத்தில், இவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு விசில் அடித்தபடி தாண்டிப் போவான். சிங்களக் கடைக்கார முதலாளிமார் அவனை ‘யோதயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பூதம் மாதிரிப் பலசாலி என்று அர்த்தம்.

அந்த யோதயாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அது அவனுடைய பயம்கூட இல்லை, ஜெயந்தினியின் பயம். கல்யாணத்தோடு சீதனம் மாதிரி அவள் கொண்டுவந்தது.

ஜெயந்தினியின் அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது இவள் இரண்டாம் வகுப்பு. ஒப்பந்தம் முடிந்து இன்னொரு ஒப்பந்தம், ஒரு வீடு முடிந்து இன்னொரு வீடு. அம்மா திரும்பி வந்தபோது இவள் பெரியபிள்ளையாகி, தண்ணீர் ஊற்றி, எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எல்லோருமாகப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா ஓடிவந்து, இவளுக்குப் பக்கத்தில் நின்ற சித்தி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “இந்தா இருக்காக்கா ஒன் மக” என்று சித்தி இவள் தோளைப் பிடித்துத் தள்ளவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா எவ்வளவோ அன்பாக இருந்தாள். ஆனாலும் பஸ் நிலையத்தில் நின்ற அந்தப் பிள்ளை ஜெயந்தினிக்குள் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்ததும், பெரியவள் நிலக்ஷி, சின்னவள் ஷாமிலா, சுதாகரனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “என்ன கஷ்டம் வந்தாலும் என்னைய வெளிநாட்டுக்கு மட்டும் போகச் சொல்லிராதீங்க.”

“நான் இருக்கிற வரைக்கும் போக மாட்ட” என்றான்.

“நீங்க இல்லாட்டி?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லாமல்தான் இருந்தது, மைக்கல் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற வரைக்கும்.

மைக்கல் பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஹட்டனில் ஒரு கம்பனிக்கு ஆயுள் காப்புறுதி பிடித்துக் கொடுப்பவன். வேதக்காரன், கழுத்தில் சிலுவை, கையில் ஹெல்மட். வாசல் இஸ்தோப்பில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆள் செத்தால் குடும்பத்துக்குப் பணம் வரும் என்று விளக்க ஆரம்பித்தான். சுதாகரனின் தாய் ராக்காயி, கதவு நிலையில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு தம்பி நீ? எமனுக்குக் கணக்கப்புள்ளையா? யாரு யாரு சாவாங்கன்னு பேரு போட்டுக்கிட்டு வர்ற?”

“இல்ல அம்மாயி. எமன் வந்துட்டுப் போனப்புறம் வீட்டப் பாத்துக்கிற ஆளுங்க நாங்க.”

“அப்ப எனக்குப் போடு. நான்தான் மொதல்ல போறவ.”

“ஒங்க வயசுக்குக் கம்பனி தராது அம்மாயி.”

“ஏன், நான் செத்துப்போயிருவேன்னு பயமா?” என்றாள் ராக்காயி. மைக்கலுக்குப் புரையேறிவிட்டது. சுதாகரன் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தான். ராக்காயி வெற்றிலையைத் துப்ப லயத்துப் பின்பக்கம் போய்விட்டாள்.

பிறகு மைக்கல் முகத்தை நேராக்கிக்கொண்டு கேட்டான்: “அண்ணே, இத மட்டும் வெளையாட்டா எடுக்காதீங்க. நெஞ்சு வலி, சீனி, பிரசர், இழுப்பு ஏதாச்சும் இருக்கா?”

“சீனி கடையிலயே வாங்க முடியல. ஒடம்புக்குள்ள எங்கருந்துடா வரும்?”

“இருந்தா இருக்குன்னு சொல்லிருங்கண்ணே. மறைச்சா பின்னால காசு தர மாட்டாங்க.”

“தம்பி, சிலிண்டரத் தூக்கிக்கிட்டு மலை ஏறுற ஆளுகிட்ட வந்து நெஞ்சு வலிக்குதான்னு கேக்குற. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேளு, அதுகூட எனக்குத் தெரியாது.”

அது அப்பட்டமான உண்மை. அவன் மருந்து என்று வாயில் போட்டது வேப்பங்கொழுந்தும், காய்ச்சலுக்கு மல்லித்தண்ணியும்தான். நோய் இல்லை என்று மைக்கல் எழுதிக்கொண்டான். அப்போது ஜெயந்தினி வெளியே தண்ணீர்ப் பீலியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பில் கேட்ட சிரிப்பு மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. கேள்வி அவளுக்கும் விழவில்லை, மாமியாருக்கும் விழவில்லை. பிள்ளைகளே, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்து நின்றதும் சுதாகரன் நிமிர்ந்து பார்த்தான். “இந்தா ஜெயந்தி, அன்னைக்குக் கேட்டியே, நீங்க இல்லாட்டின்னு. அதுக்குப் பதில் கெடைச்சிருச்சு” என்றான்.

சீசன் உழைப்பில் இருந்து காப்புறுதிக்குக் கட்டவென்று எடுத்து வைத்துவிடுவான். வீட்டில் கருவாடு வாங்காத வாரத்திலும் அதைத் தொட்டதில்லை.

இனி ராக்காயியைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த லயத்தின் வாயே அவள்தான்.

தோட்டத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கூரைத் தகரம் ஓட்டையாகி மூலையில் ஒழுகினால், மூலையில் ஒழுகுகிறது என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ச் சொல்லக்கூடாது. சொன்னால், வாளியை வை என்பார். பிள்ளை படுக்கிற இடத்தில் ஒழுகுகிறது, பிள்ளைக்கு இழுப்பு, ராத்திரி முழுக்கத் தாய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லவேண்டும். அப்போதுதான் தகரம் வரும். மண்சரிவுக்குப் பிறகு நிவாரணம் எழுத வந்தவர்களிடமும் அப்படித்தான். சட்டி பானை போனது என்றால் எழுதமாட்டார்கள். சட்டியில் கிடந்த கடைசிச் சோறும் போனது என்றால் பேனா நகரும். பாட்டன் முப்பாட்டன் காலத்தில் இருந்து அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். கேட்கிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். உள்ளதை உள்ளபடி சொன்னால் பாதிதான் கிடைக்கும் என்பதால் இரண்டு பங்காகச் சொல்லி, உரிய ஒரு பங்கை வாங்கிக்கொள்வார்கள். அதைப் பொய் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

இந்த வித்தையில் ராக்காயியை அடிக்க ஆள் இல்லை. பக்கத்துக் காம்பரா லெட்சுமி மாசமாக இருந்தபோது, ராக்காயிதான் கூட்டிக்கொண்டு போய்த் துரைக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்து ஒரு அழுகை அழுதாள். மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் லெட்சுமிக்கு லேசான வேலை போட்டார்கள். வெளியே வந்ததும் லெட்சுமி, “ஏங்க பெரியம்மா, எனக்கு ரத்தம் போகுதுன்னு சொன்னீங்களே, எனக்கு ஒண்ணும் போகலியே” என்றாள். “போகாம இருக்கத்தாண்டி சொன்னேன், பேசாம வா” என்றாள் ராக்காயி. இதற்குச் சிரிக்காத ஆளே அந்த லயத்தில் இல்லை.

சீசன் தொடங்கி இரண்டாவது பௌர்ணமி முடிந்த வாரம். வெயில் ஏறிய காலை நேரம். சுதாகரன் சோடாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாதி மலை ஏறி, ஒரு கடை வாசலில் இறக்கிவைத்தான். கடை முதலாளி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தான். குடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் இருந்த தட்டியில் சாய்ந்தான். களைப்பில் கண்ணயர்கிறான் என்று நினைத்து முதலாளி அவன் கையில் இருந்த கோப்பையைப் பத்திரமாக எடுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கையின் குளிர் அவருக்கு உறைத்திருக்கிறது.

யாரும் தூக்க முடியாததைத் தூக்கினவனை ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துத் திடீர் மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். முன்னால் ஒரு அறிகுறியும் இல்லை. அப்படியும் வருமாம். மரண சகாய சங்கத்தில் சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். லயம் முழுக்க வெள்ளைக் கொடி கட்டினார்கள்.

மைக்கல் ஓடிவந்தான். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயந்தினியிடம் சொன்னான்: “யோசிக்காதீங்கக்கா. அண்ணன் ஒழுங்காக் கட்டியிருக்காரு. போட்டு ரெண்டு வருசம் ஆகலங்கிறதால கம்பனியிலருந்து ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போவாரு. வந்தா எனக்கு ஒரு போன் கோல் குடுங்க. நான் பக்கத்துல வந்து நிக்கிறேன்.”

இன்னொருத்தியும் வந்தாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற பெற்றீசியா. துக்கம் கேட்டுவிட்டு, போகிறபோது ஜெயந்தினியின் காதோரம் குனிந்து, “ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்க. கொழுந்துக் கூடைய நம்பி எத்தன நாளைக்கு? குவைத்துல நல்ல வீடு ஒண்ணு இருக்கு. யோசிச்சுப் பாரு” என்றாள்.

ஜெயந்தினி தலை நிமிர்ந்தாள். செத்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்தது அந்த ஒரு தரம்தான். “வேணாங்கக்கா. அவரு எங்களுக்கு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்காரு.”

கருமாதி முடிந்து சில நாட்கள் போயிருக்கும். மத்தியானம். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு ஜெயந்தினி சோற்றுக்கு வந்த நேரம், வாசலில் ஒரு பொடியன் நின்றான். வெள்ளைச் சட்டை, முதுகில் பை. கம்பனியில் இருந்து வருவதாகவும், பேர் நிரோஷன் என்றும் சொன்னான். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றான். அதைப் பார்த்ததுமே ராக்காயிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஜெயந்தினி மைக்கலுக்கு போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் சைக்கிளில் எங்கோ போய்க்கொண்டிருந்திருப்பான்.

“மைக்கல் வந்துரட்டும் அத்தை” என்று மெல்லச் சொன்னாள்.

“அதுவரைக்கும் அந்தப் புள்ளைய வாசல்ல நிக்க வைக்கிறதா? காசு குடுக்க வந்த மனுசனத் திருப்பி அனுப்பினா, இவங்களுக்கு அவசியமில்லன்னு எழுதிருவாங்க” என்றாள் ராக்காயி.

லெட்சுமி பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டாள். நிரோஷன் உட்கார்ந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றவனை ராக்காயி விடவில்லை. அவன் இரண்டு மிடறு குடித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டான்: “அண்ணனுக்கு முந்தியே சுகமில்லாம இருந்துச்சா அம்மா?”

பார்த்துக்கொள்ளுங்கள், இவ்வளவுதான் கேள்வி.

ராக்காயி சேலைத் தலைப்பை எடுத்தாள்.

“அத ஏன் சாமி கேக்குற! என் புள்ள பட்ட பாட்ட யாருகிட்டச் சொல்ல? அஞ்சு வருசமா நெஞ்சு வலி சாமி. சொல்லவே மாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போடான்னா, போனா அன்னைக்குச் சம்பளம் போயிரும்மான்னு சொல்லுவான். ஒரு கையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில சுமையப் புடிச்சுக்கிட்டு மலை ஏறுவான் சாமி. யாருக்காக? இந்த ரெண்டு பொட்டப் புள்ளைங்களுக்காக. இந்தா நிக்கிறாளே, இவளுக்காக.”

லெட்சுமிக்கும் கண் நிறைந்துவிட்டது. பெரியம்மா ஆரம்பித்தால் பின்பாட்டுப் பாட அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. “ஆமா சார். எங்க காம்பராவுக்கே கேக்கும், அந்த இருமலும் முனகலும். நான்கூடச் சொல்லுவேன், அண்ணே, ஒடம்பப் பாருங்கன்னு.”

நிரோஷன் எழுதினான். அவசரமில்லாமல், மரியாதையாக எழுதினான். பிறகு ஜெயந்தினி பக்கம் திரும்பினான். “அம்மா சொல்றது சரிதானேக்கா? ஒங்களுக்குத்தான் கூடத் தெரியும்.”

ஜெயந்தினிக்குத் தெரியும். அவனுடைய மூச்சு எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாதா? பனையை வெட்டிப் போட்ட மாதிரிப் படுப்பான், குழந்தை மாதிரித் தூங்குவான். இருமலும் இல்லை, முனகலும் இல்லை. ஆனால் பெற்றவள் வாயை, வந்த மனிதருக்கு முன்னால், மகன் செத்த சூடு ஆறாத வீட்டில் எப்படி மறுப்பது? அதுமட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் தகரம் வாங்கத் தெரியும். அவளும் அந்த லயத்தில் வாழ்ந்தவள்தானே? துன்பம் குறைந்த வீடு என்று இந்தப் பொடியன் எழுதிக்கொண்டு போய்விட்டால்? பஸ் நிலையத்தில் நின்ற பிள்ளை அவளைப் பார்த்தது. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் தங்களுக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான் என்று கேட்கும்போது, அவ்வளவு அன்பா என்று அவளுக்கே இனித்தது.

“ஆமா சார்” என்றாள். பிறகு, பழக்கமில்லாத வாயால், தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தாள்: “நான்தான் நெஞ்சுக்கு எண்ணெய் தடவி விடுவேன்.”

நிரோஷன் எழுதியதைப் படித்துக் காட்டினான். கையெழுத்துப் போட்டார்கள், ராக்காயி கைநாட்டு வைத்தாள். அவனுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தூளில் ஒரு பொட்டலமும், முற்றத்து வாழையில் ஒரு சீப்பும் கட்டிக் கொடுத்தார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கடைசியில் வாங்கிக்கொண்டான். படி இறங்கும் வரை பார்த்துவிட்டு ராக்காயி மூக்கைச் சிந்தினாள்.

“நல்ல மனுசன். கண்ணு கலங்கிருச்சு பாத்தியா? நான் சொல்றேன், கூடவே போட்டுக் குடுப்பாங்க.”

பொழுது சாய மைக்கலே திருப்பிப் போன் எடுத்தான். வந்தவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தான். ஜெயந்தினி ஒன்று விடாமல் சொன்னாள்.

“ஏங்க்கா இப்படிச் சொன்னீங்க?” என்றான் மைக்கல். “ஒரு நோயும் இல்லன்னு அண்ணன் சொல்லித்தானே நான் எழுதிக் குடுத்தேன்.”

கம்பனி தீர்ப்பு வந்தது. இருந்த நோயை மறைத்துக் காப்புறுதி எடுத்திருப்பதால் பணம் கொடுக்க இயலாதாம். மைக்கல் அவர்களை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில் மாடி ஏறி, கண்ணாடிக் கதவு தள்ளி உள்ளே போனால், மெனேஜர் எழுந்து நின்று கதிரை காட்டினார். அவரும் மரியாதைக்காரர்தான். இந்தக் கதையில் மரியாதை இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை, பிள்ளைகளே.

“அவருக்கு ஒரு நோயும் இல்லைங்க சார்” என்றாள் ஜெயந்தினி. “அன்னைக்கு நாங்க… சும்மா சொன்னது.”

“சும்மா சொன்னதா?” மெனேஜர் அவளைப் பார்த்தார். “அப்ப, அன்னைக்குச் சொன்னது பொய்யாம்மா? இல்ல, காசு வராதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னைக்குச் சொல்றது பொய்யா? நான் எத எடுத்துக்கிறது, நீங்களே சொல்லுங்க.”

“தோட்டத்து டிஸ்பென்சரியில கேளுங்க சார். அவரு பேரே அங்க இருக்காது.”

“ஆஸ்பத்திரிக்கே போக மாட்டாருன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?”

“மலையில கடைக்காரங்களக் கேளுங்க சார். யோதயான்னு சொல்லுவாங்க. அவரப் போல தூக்கின ஆளு இல்ல.”

“அதையும் சொல்லியிருக்கீங்கம்மா. நெஞ்சப் புடிச்சுக்கிட்டே தூக்கினாருன்னு.”

அதுவரை கதிரை நுனியில் உட்கார்ந்திருந்த ராக்காயி எழுந்தாள். இரண்டு கையையும் விரித்தாள். “சாமி, என் புள்ள யானை மாதிரி இருந்தான். தலைவலின்னு படுத்ததில்ல. எம்மேல ஆணை. அவன் குடிச்ச என் முலைப்பால் மேல ஆணை” என்றாள். கண்ணீர் தாரையாக ஓடியது. சேலைத் தலைப்பை எடுக்க மறந்துவிட்டாள். எத்தனையோ துரைமார் முன்னால் அழுதவள், அன்றைக்கு அழுததுதான் அப்படியே உண்மை, ஒரு சொல்கூடக் கூட்டியதில்லை. மெனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி, பாவம் என்பதுபோல் ராக்காயிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுகையை அவர்கள் நம்பினார்கள். சொன்னதைத்தான் நம்பவில்லை.

மைக்கல் விடவில்லை. கொழும்புக்கு முறைப்பாடு எழுதினான். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியிடம் சொல்லி மேலே பேசச் சொன்னான். செல்லசாமி கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “துரைகிட்டக் கேக்கிற மாதிரியா கேட்டீங்க?” என்றார். பிறகு அவரே, “நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொழும்பில் இருந்து இன்னும் பதில் இல்லை.

நிலக்ஷிக்கு ஓ லெவல் சோதனை வருகிற வருஷம். டியூசனை நிறுத்திக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளையே சொன்ன அன்று, ஜெயந்தினி பெற்றீசியா வீட்டுக்கு நடந்தாள். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கொழும்பில் மருத்துவப் பரிசோதனை. வெள்ளைக்கோட்டு அம்மா ஒருத்தி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நெஞ்சு வலி, பிரசர், ஏதாவது நோய்…” என்று ஆரம்பித்தாள். கேள்வி முடிவதற்குள் ஜெயந்தினி, “இல்ல! ஒண்ணும் இல்ல!” என்று கத்திவிட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

புறப்படுகிற காலையில் ராக்காயி அவளுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

“என் வாயாலதான் ஒன் வீடு…” என்றாள்.

“நானும்தானே அத்தை சொன்னேன்” என்றாள் ஜெயந்தினி. கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பிள்ளைகளை அவள் கூட்டிப் போகவில்லை. வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். லயத்து வாசலிலேயே சின்னவள் ஷாமிலாவின் தலையை வாரி, ரிப்பன் கட்டி, அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வடு, இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் போன் இருக்கிறதே, தினம் முகம் பார்க்கலாமே என்று லெட்சுமி தேற்றினாள். ஜெயந்தினி தலையாட்டிவிட்டு, மச்சத்தை மறுபடியும் ஒருதரம் தொட்டாள்.

கதை இத்தோடு முடிந்தால்கூடத் தேவலை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவள் போன பிறகு, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் புத்தகமும் சப்பாத்தும் படிப்புச் செலவும் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் இருந்து ஒரு பெண் லயத்துக்கு வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஏறிக் கேட்டாள். ராக்காயி வீட்டு இஸ்தோப்பிலும் வந்து உட்கார்ந்து, “ஒங்க வீட்டுல என்னம்மா கஷ்டம்?” என்று அன்பாகத்தான் கேட்டாள்.

நிலக்ஷி கதவோரம் நின்று பாட்டியைப் பார்த்தாள். லெட்சுமி சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். மகன் செத்திருந்தான், மருமகள் குவைத்தில் யாருடைய பிள்ளைக்கோ தலை வாரிக்கொண்டிருந்தாள், சின்னவளுக்குச் சப்பாத்தில் பெருவிரல் வெளியே தெரிந்தது. இரண்டு பங்காக்க வேண்டியதே இல்லை, ஒரு பங்கே மலையளவு இருந்தது.

ராக்காயி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லைங்க” என்றாள். “நல்லா இருக்கோம். ஒரு கொறையும் இல்ல.”

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. விறகைத் தள்ளி வையுங்கள், அடுப்பு அணைகிறது. உங்கள் வீட்டுப் படி ஏறி வருகிறவர் கொடுக்க வந்தவரா அளக்க வந்தவரா என்பது வாசலிலேயே உங்களுக்குத் தெரியட்டும். உள்ளதை உள்ளபடி சொன்னாலே உங்களுக்கு உரியது வந்து சேரட்டும். மலை ஏறினவர்கள் இறங்கி வந்து உங்கள் வீட்டு அடுப்படியில் தேத்தண்ணி குடிக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குப் பெற்றவள் கையே தலை வாரிவிடட்டும். நல்லா இருங்கள், வீடு நிறைய இருங்கள்.